பிச்சாவரம் அலையாத்திக் காடு: செயற்கைக்கோளா, தரைக் கட்டமா?

வெப்பமயமாதலால் காடு மாறுகிறதா என்று பார்க்க இரண்டு வழிகள்: செயற்கைக்கோள் படம், தரையில் குறிக்கும் சதுரக் கட்டம். லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோள் வரிசையின் படத்தில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். 1980களின் நடுவிலிருந்து பரப்பு கூடியதா, குறைந்ததா என்று தொடர்ச்சியாகக் காட்டும். ஓதம் ஏறிய நேரப் படத்தை வற்றிய நேரப் படத்தோடு ஒப்பிட்டால் மட்டும் பொய்க் கணக்கு வரும்.

ஆனால் கால்வாய்க் கரையோரச் சுரபுன்னை மரம் பட்டுப்போய், உப்பை இலைவழியே வெளியேற்றும் வெண்கண்டல் மரம் அங்கே வளர்ந்தால் மேலிருந்து எல்லாமே பச்சைதான்! அதைப் பிடிப்பது தரையில் கட்டும் 10க்கு 10 மீட்டர் கட்டம். இனவாரியாக மரங்களையும் நாற்றுகளையும் எண்ணுங்கள். வெண்கண்டலுக்கு 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரச் சுற்றளவை அளக்க வேண்டும். சுரபுன்னைக்கோ, மரத்தைத் தாங்கி நிற்கும் வேர்களில் மிக உயரத்தில் உள்ளதற்கு 30 செ.மீ. மேலே. சேற்றுநீரின் உப்பைக் கோடையிலும் ஐப்பசி-கார்த்திகை மழைக்குப் பிறகும் அளக்க வேண்டும். ஒரே பருவ அளவு ஏமாற்றிவிடும். பணம் ஒன்றுக்குத்தான் உண்டென்றால், கட்டத்தையே எடுங்கள். பழைய படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.