லிப்ட் போட்ட ஜீப் ரோட்டில் அலைகிறதா: டேம்பர், பாக்ஸ், பால் ஜாயிண்ட், ஆப்பு, எதில் கை வைப்பது?

வேலூர்ப் பக்கம் எம்எம் 540, ஜிப்ஸி ஜீப் வைத்திருப்பவர்கள் லிப்ட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் மாற்றம்) போட்டதும் அமிர்திக்கோ பீஞ்சமந்தைக்கோதான் முதலில் கிளம்புவார்கள். மலைப்பாதையில் ஒன்றும் தெரியாது. பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி எண்பதைத் தொட்டதும், பக்கத்தில் ஒரு கண்டெய்னர் லாரி ஏறிப் போனால் வண்டி தன்னிஷ்டத்துக்கு நகரும். பிடித்து நேராக்கினால் அடுத்த பக்கம் போகும்.

இதற்குப் பட்டறைக்குப் பட்டறை ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். ஸ்டியரிங்கில் ப்ளே, அதாவது திருப்பியும் சக்கரம் திரும்பாத வெற்றாட்டம், இருப்பது ஒரு கோளாறு, ப்ளே இல்லாமலே வண்டி அலைவது இன்னொரு கோளாறு. எது என்று தெரியாமல் காசை எடுக்காதீர்கள்.

முதலில் செலவில்லாத சோதனை

நான்கு டயரும் தரையில் இருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக, விடாமல் ஆட்டட்டும். பவர் ஸ்டியரிங் என்றால் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை ஓடவிட்டு ஆட்ட வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு ஜாயிண்டாக விரல் வைத்துப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் விரலில் 'டொக்' என்று தட்டும். ஸ்டியரிங் கியர் பாக்ஸுக்குள் போகும் ஷாப்ட் திரும்பியும், பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை போன்ற பிட்மேன் ஆர்ம் அசையவில்லை என்றால் கோளாறு பாக்ஸில். ஆர்ம் அசைந்தும், அதிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பியான டிராக் லிங்க் தாமதமாக வந்தால், இரண்டையும் இணைக்கும் பால் ஜாயிண்ட் போய்விட்டது. பாக்ஸே சேஸிஸ் மேல் அசைந்தால் போல்ட் லூஸ், இல்லையென்றால் பாக்ஸ் மாட்டிய இடத்தில் சேஸிஸில் விரிசல். பழைய ஜீப்பில் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்காமல் விடவே கூடாது. பெல் கிராங்க் (ஸ்டியரிங் அசைவைத் திசை மாற்றிக் கொடுக்கும் நடு ஆர்ம்) உள்ள வண்டியானால் அதன் பேரிங்கையும் பாருங்கள்.

அடுத்து முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பேரிங். இதைத் தெரிந்துகொள்ளாமல் வீல் பேரிங்கை மாற்றிவிட்டு, "அண்ணே, இன்னும் ஆடுதே" என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய.

ஸ்டியரிங் டேம்பர்

ஸ்டியரிங் கம்பியின் உதறலை அடக்க மாட்டும் சின்ன ஷாக் அப்சார்பர் இது. மாட்டுவது சுலபம் என்பதால் முதலில் சொல்லப்படுவது இதுதான். என் கணக்கில் இது கடைசி. டேம்பர் வேகமான உதறலைத்தான் அடக்கும். வண்டி அலைவது மெதுவான நகர்வு, அதை டேம்பர் கண்டுகொள்ளாது. தேய்ந்த ஜாயிண்டின் உதறலை மறைத்து, அது கழன்று விழும்வரை உங்களை ஓட்ட வைக்கும். பெரிய டயர் போட்டு, மற்றதெல்லாம் சரியாக இருக்கும் வண்டிக்குக் கூடுதலாகப் போடலாம்.

பாக்ஸ் ஸ்க்ரூவை முறுக்குவது

பாக்ஸின் ப்ளேயைக் குறைக்கும் ஸ்க்ரூ இது. சோதனையில் பாக்ஸ்தான் என்று தெரிந்தால் சரியான வேலை. சக்கரம் நேராக, டிராக் லிங்க் கழற்றிய நிலையில், நடுப்பகுதி ப்ளே போகும் அளவுக்கு மட்டும் முறுக்க வேண்டும். முழுக்கத் திருப்பிய நிலையில் கொஞ்சம் ப்ளே இருப்பது இயல்பு. அதையும் எடுக்கப் பார்த்தால் நடுவில் இறுகி, திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, உள்ளே பல்லும் தேயும். அலையும் வண்டி இன்னும் மோசமாக அலையும்.

பால் ஜாயிண்ட்

விரலில் தட்டியிருந்தால் பேச்சே இல்லை, மாற்றுங்கள். மாற்றியதும் டோ, அதாவது முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே நோக்கும் அளவு, பார்க்க வேண்டும். ஸாலிட் ஆக்ஸிலுக்கு (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு) 2, 3 மில்லிமீட்டர் உள்நோக்கிய டோ பொதுவாகப் போதும். வெளிநோக்கிப் போனால் புது ஜாயிண்ட் போட்டும் வண்டி அலையும். ரேடியலும் நைலான் டயரும் கலந்து ஓடுகிறதா, முன் இரண்டிலும் காற்று சமமா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கேஸ்டர் ஆப்பு

எதிலும் ப்ளே இல்லை, லிப்டுக்கு முன் நன்றாக ஓடிய வண்டி, இப்போது அலைகிறது. அப்படியானால் நான் சந்தேகப்படுவது கேஸ்டரை. கிங் பின்னின் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்தான் கேஸ்டர்; அதனால்தான் சக்கரம் தானே நேருக்கு வருகிறது. பட்டை (லீப் ஸ்பிரிங்) முனையைச் சேஸிஸோடு இணைக்கும் அசையும் துண்டு ஷாக்கிள். அது முன்முனையில் இருக்கும் வண்டியில் நீள ஷாக்கிள் போட்டால் ஆக்ஸில் முன்பக்கம் கவிழ்ந்து அந்தச் சாய்வு குறையும். காயில் ஸ்பிரிங் ஜிம்னியிலும் உயரம் ஏற ஏற இதே கதை.

பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் இடையில் வைக்கும் ஆப்புதான் பட்டை உள்ள வண்டிக்கு மருந்து. தடித்த பக்கத்தை மாற்றி வைத்தால் இருக்கிற கேஸ்டரும் போகும். அதனால் ஆப்பு வைப்பதற்கு முன்னும் வைத்த பிறகும் அலைன்மெண்ட் மெஷினில் கேஸ்டர் டிகிரி எழுதி வாங்குங்கள். "டோ பார்த்தாச்சு" என்ற ஒரு வார்த்தையோடு வெளியே வராதீர்கள். இதிலும் ஒரு விலை உண்டு. கேஸ்டர் கூடினால் முன் டிபரென்ஷியலின் பினியன் (ஷாப்ட் வந்து சேரும் முனை) கீழே குனியும், இன்ஜின் பக்கத்திலிருந்து அதற்கு வரும் புரொப்பெல்லர் ஷாப்டின் கோணம் கெடும், ஃபோர் வீலில் அதிர்வு வரலாம்.

ஷாக்கிளை நீட்டி மட்டும் உயர்த்திய வண்டி என்றால், ஆப்பைவிடப் பழைய ஷாக்கிளையே திரும்பப் போடுவது நல்லது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

டிராப் பிட்மேன் ஆர்ம்

பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ஸ்டியரிங் தானாகத் திரும்பினால் டிராக் லிங்க் அதிகமாகச் சரிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு, முனை கீழே இறங்கிய இந்த ஆர்ம் சரி. சமமான ரோட்டில் அலைவதற்கு இது உதவாது.

2 டிகிரியா, 4 டிகிரியா?

ஆப்பு என்று முடிவானால், மெஷின் காட்டும் குறைவை ஈடுகட்டும் அளவே போதும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு நான் 2 டிகிரியோடு நிறுத்தச் சொல்வேன். கேஸ்டர் ஏற ஏற நின்ற இடத்தில் திருப்புவது கனக்கும், காட்பாடி கடைத்தெருவில் தோள் வலிக்கும். ஆக்ஸிலைப் பட்டையோடு பிடிக்கும் யூ போல்ட்டைப் புதிதாகவே போடுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்க் ரெஞ்சில் மறுபடி இறுக்குங்கள்.