பெயர் கேட்காத விபிஎன்: போனிலும் ஐபேடிலும் முல்வாட்

நான் மனநல ஆலோசகர். என்னிடம் பேச வருபவர்களில் பாதிப்பேர் வீடியோ அழைப்பில்தான் வருகிறார்கள். பேசி முடித்த பிறகு அவர்களுக்காக நான் தேடிப் படிப்பது நிறைய: ஒரு மாத்திரையின் பக்கவிளைவு, குடிப்பழக்கத்திலிருந்து மீட்கும் மையம், வீட்டில் அடி வாங்குபவர்கள் தங்கக்கூடிய காப்பகம். இதையெல்லாம் ஒருவர் வரிசையாகப் பார்த்தாலே போதும், அன்றைக்கு என்னிடம் யார் என்ன பேசியிருப்பார்கள் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். அதனால் என் இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் எனக்குக் கட்டாயம். இப்போது என் ஆண்ட்ராய்டு போனிலும் ஐபேடிலும் ஓடுவது முல்வாட் என்ற ஸ்வீடன் நிறுவனத்தின் செயலி.

விபிஎன் எதை மறைக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று பெரும்பாலான தளங்கள் பக்கத்தை மறையாக்கி அனுப்பும் ஹெச்டிடிபிஎஸ் வழியாக இயங்குகின்றன. அதனால் பக்கத்துக்குள் நான் என்ன படித்தேன் என்பது வைஃபை கொடுத்தவருக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனேன் என்பது மட்டும் தெரிந்துவிடும். போன் முதலில் டிஎன்எஸ் சர்வரிடம் தளத்தின் பெயரைச் சொல்லி முகவரி கேட்கிறது. அப்புறம் இணைப்பு தொடங்கும்போதும் பெரும்பாலும் அந்தப் பெயர் மறைக்கப்படாமலே போகிறது. நள்ளிரவில் ஒரு போன் காப்பகத்தின் தளத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தது என்று தெரிந்தாலே போதும், மிச்சத்தை யாரும் சொல்லத் தேவையில்லை. விபிஎன் ஓடும்போது இந்தப் பெயர்கள் எல்லாம் மறையாக்கப்பட்டு விபிஎன் சர்வருக்குப் போகின்றன. வைஃபைக்காரருக்கும் இணைய நிறுவனத்துக்கும் அந்த சர்வரின் முகவரி மட்டுமே தெரியும்.

ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததை இனி விபிஎன் நிறுவனத்தால் பார்க்க முடியும். எந்த விபிஎன்னை எடுத்துக்கொண்டாலும் இது மாறாது. ஆகவே வேகத்தையும் எத்தனை நாடுகளில் சர்வர் இருக்கிறது என்பதையும் நான் இரண்டாம் பட்சமாகத்தான் பார்க்கிறேன். இந்த நிறுவனத்துக்கு என்னைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரியும்? என் முதல் கேள்வி அதுதான்.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு ஓனாவோ ப்ரொடெக்ட் நல்ல சாட்சி. ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய நிறுவனம் ஓனாவோ. உங்கள் தகவலைக் காப்பேன் என்று சொல்லி இலவசமாக வந்த அந்த விபிஎன், யார் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து அது நீங்கியது. அடுத்த வருடம் மூடப்பட்டது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்குத் தலா 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. பாதுகாப்பு தேடி வந்தவர்களிடமே இப்படிச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் போனில் இலவச விபிஎன் ஒன்று இருந்தது. திறந்ததும் தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி, இருப்பிடத்துக்கு அனுமதி என்று கேட்டது. விபிஎன் ஓட இவை எதுவும் வேண்டாம். இணைப்பை ஏற்படுத்த ஒரு அனுமதி, அறிவிப்பு காட்ட இன்னொன்று, அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கும் செயலியை உடனே நீக்கிவிடுங்கள். இலவசம் என்பதாலேயே எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ப்ரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டத்துக்கு டேட்டா வரம்பு கிடையாது, செயலியின் மூலநிரலும் வெளிப்படையாக இருக்கிறது. பணம் கட்ட முடியாதவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

முல்வாட் என்னைக் கவர்ந்தது கணக்குத் தொடங்கும்போதே. பெயர் கேட்கவில்லை, மின்னஞ்சல் கேட்கவில்லை, பாஸ்வேர்டும் கிடையாது. ஒரு பொத்தானைத் தட்டினால் 16 இலக்க எண் ஒன்று வருகிறது. அதுவே கணக்கு, அதுவே சாவி. எண்ணைப் பத்திரமாக எழுதி வைக்க வேண்டும், மின்னஞ்சலுக்கு அனுப்பி மீட்டுத் தரும் வழி இல்லை. கட்டணம் ஒரு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் ஒரே விகிதம். "இன்றே வாங்கினால் இவ்வளவு தள்ளுபடி" என்று கடிகாரம் ஓட்டும் வேலை இல்லை. விரும்பினால் ரொக்கத்தைக் கவரில் போட்டு அஞ்சலிலேயே அனுப்பலாம். தானாகப் பணம் எடுக்கும் சந்தாவுக்குக் கூடுதல் தகவல்களைச் சேமிக்க வேண்டியிருக்கிறது என்று 2022-இல் புதிய சந்தாக்களையே நிறுத்திவிட்டார்கள்.

சொன்னபடி நடந்துகொள்கிறார்களா என்பதற்கு ஒரு சோதனையும் வந்தது. 2023 ஏப்ரல் 18 அன்று ஸ்வீடன் போலீசார் 6 பேர், வாடிக்கையாளர் தகவல் உள்ள கணினிகளைக் கைப்பற்றும் உத்தரவோடு கோத்தன்பர்க் அலுவலகத்துக்கு வந்தார்கள். அப்படித் தகவலே நாங்கள் வைத்துக்கொள்வதில்லை என்று நிறுவனம் விளக்கிய பிறகு வெறுங்கையோடு திரும்பினார்கள். அதே வருடம் செப்டம்பரில், விபிஎன் சர்வர்கள் அனைத்தையும் வன்தட்டு இல்லாமல் நினைவகத்தில் மட்டும் ஓடும்படி மாற்றி முடித்தார்கள். மின்சாரத்தைத் துண்டித்தால் உள்ளே எதுவும் மிஞ்சாது. விளம்பர வாசகங்களைவிட இந்த இரண்டும் எனக்குப் பெரிய உத்தரவாதம்.

இனி செயலிக்கு வருகிறேன். முதல் திரையில் ஒரு உலக வரைபடம், கீழே ஒரு பொத்தான். இணைந்திருக்கிறதா இல்லையா என்பது பச்சை, சிவப்பிலேயே தெரிந்துவிடும். நான் எப்போதும் பக்கத்தில் உள்ள சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். தூரத்து நாட்டைத் தேர்ந்தெடுத்தால் வீடியோ அழைப்பில் எதிரில் இருப்பவர் அழுவது கூட ஒரு நொடி தாமதித்துத்தான் எனக்குத் தெரிகிறது. இந்த வேலையில் அது கூடாது. பக்கத்துச் சர்வரில் அந்தச் சிக்கல் எனக்கு வரவில்லை.

போனும் சர்வரும் பேசிக்கொள்ள செயலி பயன்படுத்தும் நெறிமுறை வயர்கார்ட். 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் சேர்க்கப்பட்டது இது. நிரல் சிறியது, பேட்டரியைக் குடிப்பதில்லை. சர்வர் நம்மை அடையாளம் காண்பது சாவியை வைத்து, இணையத்தில் போனுக்குக் கிடைக்கும் ஐபி முகவரியை வைத்தல்ல. அதனால் பேசிக்கொண்டே வைஃபையை விட்டு வெளியே நடந்து போன் மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் குரல் லேசாகத் தடுமாறிவிட்டுத் தொடர்கிறது. ஒரு மருத்துவமனையின் வைஃபை மட்டும் வயர்கார்டை விடவே இல்லை. செயலியின் அமைப்புகளில், விபிஎன் ஓடுவதையே மறைக்கும் முறையைத் தானியங்கியில் விட்டிருந்தேன். கொஞ்ச நேரம் முயன்று வேறு வழியாக இணைந்தது, வேகம் குறைந்தாலும் வேலை நடந்தது.

ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவியதோடு நிற்காதீர்கள். போனின் அமைப்புகளில் விபிஎன் பகுதிக்குப் போய், முல்வாட் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தட்டி, 'எப்போதும் இயங்கும் விபிஎன்', 'விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு' என்ற இரண்டையும் போடுங்கள். இணைப்பு அறுந்தால் போன் சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்புவதை இது பெருமளவு தடுக்கும். முழுக்கத் தடுக்காது. இணையம் இருக்கிறதா என்று ஆண்ட்ராய்டு தானே செய்யும் சோதனை இதையும் மீறி வெளியே போகிறது என்று 2022-இல் கண்டுபிடித்துச் சொன்னதும் முல்வாட்தான்.

ஐபேடில் நிலைமை கொஞ்சம் பலவீனம், காரணம் ஆப்பிள். விபிஎன் போடும் முன்பே திறந்திருந்த இணைப்புகளை ஆப்பிளின் இயங்குதளமான ஐஓஎஸ் மூடுவதில்லை என்று 2020 மார்ச்சில் ப்ரோட்டான் வெளியிட்டது. விபிஎன் போட்ட கையோடு விமானப் பயன்முறையை ஒரு தடவை போட்டு எடுப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. குறிப்பிட்ட செயலியை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விடும் வசதி ஆண்ட்ராய்டில் உண்டு, ஐபேடில் இல்லை. என் வங்கிச் செயலி விபிஎன்னைக் கண்டால் உள்ளே விடாது. போனில் அதை மட்டும் வெளியே விட்டிருக்கிறேன். ஐபேடில் வங்கி வேலையே பார்ப்பதில்லை.

விபிஎன் போட்டால், தேடுபொறிகள் 'நீங்கள் மனிதர்தானா' என்று படங்களைக் காட்டிக் கேட்பது அதிகமாகும். ஒரே ஐபி முகவரியில் பலர் வருவதால் வரும் தொல்லை அது. அந்தக் கூட்டத்தில் கலந்திருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பும் என்பதால் நான் பொறுத்துக்கொள்கிறேன்.

எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கூகுள் கணக்கில் நுழைந்தபடியே தேடினால் கூகுளுக்கு நீங்கள் யார் என்று தெரியும், எந்த விபிஎன் இருந்தாலும். செயலிகள் விளம்பர அடையாள எண்ணை வைத்துப் பின்தொடர்வதும் அப்படித்தான். ஆண்ட்ராய்டில் தனியுரிமைப் பகுதியில் அந்த எண்ணை நீக்கலாம். ஐபேடில் செயலிகள் பின்தொடர அனுமதி கேட்பதையே அணைத்துவிடலாம். முல்வாட் அமைப்புகளில் விளம்பரங்களையும் பின்தொடரும் முகவரிகளையும் தடுக்கும் பொத்தான்கள் இருக்கின்றன. இரண்டையும் போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு கணக்கில் 5 கருவிகள் வரை இணைக்கலாம். என் தொழில் போல மற்றவர்களின் ரகசியம் கையில் இருப்பவர்களுக்கு, வக்கீல்களுக்கு, செய்தியாளர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் வீட்டுக்குள்ளேயே கண்காணிக்கப்படும் ஒருவர் விபிஎன் போடலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். போனைக் கையில் வாங்கிப் பார்க்கும் கணவருக்கு, விபிஎன் ஓடும்போது திரையின் மேலே தெரியும் சாவிச் சின்னமே சந்தேகத்தைக் கிளப்பும். போனுக்குள் வேவு பார்க்கும் செயலி இருந்தால் திரையில் உள்ளதை அது அப்படியே எடுத்துவிடும், விபிஎன்னால் ஒன்றும் செய்ய முடியாது. அவர்கள் நம்பிக்கையான வேறொருவர் போனிலிருந்து என்னைக் கூப்பிடட்டும்.