லேபிள் ஒட்டுற மிஷின் வாங்கப் போறீங்களா, கொஞ்சம் நின்னு இத படிச்சிட்டு போங்க. எங்களுக்கு 3,80,000 ரூபா போச்சு

கை நடுங்குது, கோவத்துல தான் டைப் பண்றேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கங்க. சேலம், நாமக்கல், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி, மசாலா, சத்துமாவு பேக்கிங் பண்றவங்க, ஏற்காட்டுல காபி மிளகு பேக் பண்றவங்க எல்லாரும் முழுசா படிங்க. அட்டைப்பெட்டி மேல தானா பிரிண்ட் பண்ணி தானா ஒட்டுற லேபிள் மிஷின் வாங்குறோம்னு 3,80,000 ரூபா குடுத்து மோசம் போயிருக்கோம். வித்தவன் பேரு, அவன எங்களுக்கு காட்டி விட்ட ஆன்லைன் சந்தை பேரு ரெண்டும் இப்போதைக்கு எழுத வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டாரு. தொழிற்சாலைக்கு வேணுங்கற மிஷின், மோட்டார், கம்ப்ரஸர் எல்லாம் விக்கிற பெரிய சந்தை, அவ்வளவு தான் சொல்ல முடியும்.

எங்களுது அம்மாபேட்டை தாண்டி சின்ன யூனிட். சேகோ மில்லுல இருந்து ஜவ்வரிசிய மூட்டையா எடுத்து, சலிச்சு, அரை கிலோ ஒரு கிலோ பாக்கெட் போட்டு பெட்டில அடுக்கி வடக்க அனுப்புறோம். நம்ம ஊர்ல ஜவ்வரிசின்னா பாயசம், வடாம். மகாராஷ்டிரா, குஜராத் பக்கம் விரத நாள்னா ஜவ்வரிசி கிச்சடி தான் சாப்பாடே, அதனால ஆவணில ஆரம்பிச்சு நவராத்திரி முடியிற வரைக்கும் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. வருஷத்துல பாதி வியாபாரம் அந்த ரெண்டு மாசத்துல. 2023ல சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடு கிடைச்சப்ப அப்பா அவ்வளவு சந்தோசப்பட்டாரு, இனி நம்ம சரக்கு பேரோட போகும்னு.

இது வரைக்கும் மேஜை மேல வைக்கிற சின்ன பார்கோட் பிரிண்டர்ல அடிச்சு அக்காங்க கையால ஒட்டிட்டு இருந்தாங்க. சீசன்ல அது தாங்கல. நேத்து பேட்ச் லேபிள் இன்னிக்கு பெட்டில ஏறிடும். பேக்கிங் மாசம், எடை, எம்ஆர்பி, பேட்ச் நம்பர் எல்லாம் சட்டப்படி சரியா இருக்கணும், அதோட புனேல எங்ககிட்ட எடுக்குறவரு குடோன்ல ஸ்கேன் பண்ணி தான் சரக்கே இறக்குறாரு, ஸ்கேன் ஆகலன்னா இறக்க மாட்டாரு. அதான் மிஷினுக்கு போனோம்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், இந்த மிஷின்ல ரெண்டு பாகம். பிரிண்ட் இன்ஜின் ஒண்ணு, ஒட்டுற கை ஒண்ணு. கன்வேயர்ல பெட்டி வந்ததும் சென்சார் பாக்கும், இன்ஜின் அந்த நேரத்துல தேதி, வரிசை நம்பர் போட்டு லேபிள் அடிக்கும், லேபிள் ஒரு தட்டுல உறிஞ்சி நிக்கும், ஏர் சிலிண்டர் அத கொண்டு போய் பெட்டில வச்சு அழுத்தும். விலையில பெரும்பங்கு இன்ஜினுக்கு தான், அதுலயும் உயிரு பிரிண்ட் ஹெட், சின்னச் சின்ன சூட்டுப் புள்ளியால எழுத்த பதிக்கிற பாகம். 203 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 203 புள்ளி) ஹெட்டுன்னா ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. அந்த புள்ளி ஒண்ணு செத்தா லேபிள் நெடுக வெள்ளைக் கோடு விழும். இத ஞாபகம் வச்சுக்கங்க, எங்கள ஏமாத்துனதே இங்க தான்.

சந்தைல போட்டிருந்தான், புத்தம் புது மிஷின், வெளிநாட்டு இன்ஜின், ஒரு வருஷ வாரண்டி. பேருக்கு பக்கத்துல பச்சை டிக். போன் பண்ணதும் விலையே பேசல, உங்க காலி பெட்டி கொஞ்சம் பஸ் பார்சல்ல அனுப்புங்க தம்பி, ஓட்டி காட்டுறேன், புடிச்சா மட்டும் பேசலாம்னான். அனுப்புனோம். ராத்திரி வீடியோ வந்துச்சு. எங்க பெட்டி, எங்க கம்பெனி பேரு, கன்வேயர்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா வருது, ஒவ்வொண்ணுலயும் லேபிள் நூல் புடிச்ச மாதிரி நேரா போய் உக்காருது. அப்பா அத எத்தன தடவ பாத்தாருன்னு கணக்கே இல்ல. அம்மாவ கூப்பிட்டு காட்டுறாரு, பக்கத்து மில்காரர கூப்பிட்டு காட்டுறாரு. சொந்த பெட்டி ஓடுறத கண்ணால பாத்த பொறவு யாருக்குங்க சந்தேகம் வரும்?

அதுக்கப்புறம் நேர்லயே வந்தான். வீட்டுல தான் சாப்ட்டான். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) என்ன விலை போகுது, இந்த வருஷம் மழை எப்படின்னு அப்பாகிட்ட ஒரு மணி நேரம் பேசுனான், தானும் விவசாயி பையன் தான்னான். கிளம்பும்போது அப்பா கைய புடிச்சுகிட்டு "ஐயா, உங்க வயசுக்கு முன்னாடி நான் பொய் சொல்லி பொழைக்க வேண்டியதில்ல"ன்னு சொன்னான். அந்த வார்த்தை இன்னிக்கு வரைக்கும் எனக்கு நெஞ்ச அறுக்குது. அப்பா அந்த ஒரு வார்த்தைக்கு தான் சாஞ்சாரு. அட்வான்ஸ் 1,50,000, அனுப்புறதுக்கு முன்ன 2,30,000, மொத்தம் 3,80,000, எல்லாம் பேங்க் வழியா தான். பாதி பணம் அப்பா தள்ளி எடுத்த ஏலச்சீட்டு.

மிஷின் வந்துச்சு, கூட ஒரு சின்ன பையன் வந்தான், மாட்டி கொஞ்ச பெட்டி ஓட்டி காட்டிட்டு அன்னிக்கே கிளம்பிட்டான். அந்த வாரமே ஆரம்பிச்சுது. முதல்ல தட்டுல லேபிள் நிக்காம கீழ விழுந்துச்சு. அப்புறம் வெள்ளைக் கோடு. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு அஞ்சாச்சு. நாங்க கண்ணால பாத்தா எழுத்து படிக்க முடியுது, சரின்னு லாரி ஏத்திட்டோம், புனேல பாதி பெட்டி ஸ்கேன் ஆகல. நவராத்திரிக்கு முன்னாடி போன சரக்கு அங்க குடோன் வாசல்ல கிடந்துச்சு, திரும்ப லேபிள் அடிச்சு ஒட்டுன கூலிய எங்க பில்லுல கழிச்சுட்டாங்க. அந்த நஷ்டம் 3,80,000ல சேராது, அது தனி.

போன் பண்ணா என்ன சொன்னான் தெரியுமா. உங்க கரண்ட் சரியில்ல, ஸ்டெபிலைசர் போடுங்க. போட்டோம். கம்ப்ரஸர் காத்துல தண்ணி வருது, ஃபில்டர் போடுங்க. போட்டோம். லேபிள்ல மை ஏத்துற ரிப்பன் தரம் சரியில்ல, எங்ககிட்டயே வாங்குங்க. வாங்குனோம். உங்க யூனிட்ல மாவுத்தூசி ஜாஸ்தி, சென்சார் மறைக்குது. தினமும் ரெண்டு வேளை தொடச்சோம். கொடுமை என்னன்னா இதுல ஒண்ணு கூட முழுப்பொய் இல்ல. காத்துல தண்ணி வந்தா சிலிண்டர் கெடும் தான், தூசி படிஞ்சா ஹெட் தேயும் தான், ரிப்பன் பொருந்தலன்னா பிரிண்ட் வெளுக்கும் தான். இந்த மிஷின்ல நிஜமா வரக்கூடிய கோளாறு ஒவ்வொண்ணையா எடுத்து எங்க தலையில கட்டி நாள கடத்துனான், நாங்களும் ஒவ்வொண்ணுக்கா செலவு பண்ணி செஞ்சுகிட்டே இருந்தோம், சீசன் போயிடுச்சு. கடைசில "ஹெட் தேய்மான பொருள், அதுக்கு வாரண்டி கிடையாது தம்பி"ன்னான். அதுக்கப்புறம் இன்ஜினியர் ஓசூர்ல இருக்காரு, பெங்களூர்ல இருக்காரு, அவங்க வீட்டுல ஒரு சாவு. இப்ப போனே எடுக்கறதில்ல. அப்பா நம்பர்ல இருந்து அடிச்சா கட் பண்றான்.

சூரமங்கலத்துல தராசு, பார்கோட் பிரிண்டர் சர்வீஸ் பண்ற ஒரு அண்ணன கூட்டிட்டு வந்தேன். அவரு வந்ததும் ஸ்பேனர தொடல, இன்ஜின் செட்டிங் விவரத்த ஒரு லேபிளா அடிச்சு எடுத்தாரு. இது வரைக்கும் எவ்வளவு நீளம் அடிச்சிருக்குன்னு ஒரு கணக்கு அதுல இருக்குமாம், ரீசெட் பண்ண முடியாத கணக்கு. எங்க யூனிட்ல நாங்க அடிச்சதெல்லாம் கூட்டுனாலும் அதுல ஒரு மூலைக்கு வராது. வேற எங்கயோ வருஷக்கணக்குல ஓடி கழிச்சு போட்ட இன்ஜின். பின்னாடி தகட்டுல சீரியல் நம்பர சுரண்டி மேல புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான், அண்ணன் நகத்தால உரிச்சு காட்டுனாரு. அப்பா ஒண்ணுமே பேசாம எந்திரிச்சு போயிட்டாரு.

அந்த அண்ணன் இன்னொண்ணும் சொன்னாரு. பார்கோட் கம்பிங்க லேபிள் ஓடுற திசையிலயே இருந்தா, ஒரு புள்ளி செத்தாலும் அந்த வெள்ளைக் கோடு கம்பியோட அகலத்தையே மாத்திடும், ஸ்கேனர் படிக்காது. ஏணிப்படி மாதிரி குறுக்க திருப்பி அடிச்சா கோடு எல்லா கம்பியையும் மெல்லிசா வெட்டிட்டு போகும், மத்த இடத்துல ஸ்கேனர் படிச்சிரும். டிசைன திருப்பி விட்டாரு, ஓரளவுக்கு ஸ்கேன் ஆகுது. இந்த ஒரு விசயத்த வித்தவன் அன்னிக்கே சொல்லியிருந்தா கூட புனே லோடு தப்பிச்சிருக்கும்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, அந்த முதல் வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்தேன். எல்லா பெட்டிலயும் ஒரே வரிசை நம்பர். ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் ஒண்ணு ஏறணும், ஏறவே இல்ல. முன்னாடியே அடிச்சு வச்ச ரோல மாட்டி ஒட்டுற கைய மட்டும் ஓட்டியிருக்கான், இன்ஜின் அங்க வேலையே செய்யல.

சந்தைக்காரங்ககிட்ட புகார் போட்டா, சார் நாங்க வாங்குறவங்களையும் விக்கிறவங்களையும் சேத்து விடுறோம், பணம் எங்க வழியா வரலயே அப்படின்னு ஒரு பொண்ணு படிச்ச மாதிரியே ஒப்பிக்குது. பச்சை டிக் எதுக்குங்கன்னு கேட்டேன், ஜிஎஸ்டி நம்பர் சரிபாத்ததுக்காம். புகார அவங்களே முடிஞ்சதுன்னு மூடிட்டாங்க. நான் எழுதுன ரிவ்யூ இன்னும் வெளிய வரல. அந்த மிஷின் விளம்பரம் மட்டும் அங்கயே இருக்கு.

ஸ்டேஷன்ல இது சிவில் மேட்டர்னாங்க, மனு மட்டும் வாங்கி ரசீது குடுத்திருக்காங்க. 1915ங்கற நுகர்வோர் உதவி எண்ணுக்கு பேசுனேன். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல வியாபாரத்துக்கு வாங்குன பொருளுக்கு நுகர்வோர்னு வராதாம், சொந்த உழைப்புல பொழைப்புக்காக வாங்கியிருந்தா வரும்னு வக்கீல் சொல்றாரு, குடும்பமா உழைக்கிற யூனிட் தான்னு காட்டணும். பாப்போம். 3,80,000 ரூபாய விடுறதா இல்ல.

என்னென்ன பாத்து வாங்கணும்னு விவரமா எழுதலாம்னு தான் உக்காந்தேன், மனசு நிலையா இல்ல, முக்கியமானத மட்டும் சொல்றேன். வீடியோவ நம்பாதீங்க, நேர்ல போய் உங்க பெட்டிய வச்சு, வரிசை நம்பர் ஏறுதான்னு பாத்து, லேபிள அங்கயே ஸ்கேன் பண்ணுங்க. செட்டிங் லேபிள் அடிக்க சொல்லி ஓடுன நீளத்த பாருங்க, முடியாதுன்னா வெளிய வந்துருங்க. இன்ஜின் சீரியல் நம்பர பில்லுல எழுதி வாங்குங்க, புதுசா பழசான்னு எழுத்துல வேணும், ஹெட்டுக்கு எவ்வளவு வாரண்டின்னும் எழுத்துல வேணும். முழுப்பணம் மிஷின் உங்க இடத்துல ஓடுறதுக்கு முன்னாடி குடுக்கவே குடுக்காதீங்க. பச்சை டிக்க பாக்காதீங்க.

இதே மாதிரி காலி பெட்டி கேட்டு, வீடியோ அனுப்பி, வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டு போன ஆள்கிட்ட யாராச்சும் மாட்டியிருந்தா எனக்கு தனியா எழுதுங்க. ஒரே ஆளு மனுன்னா சிவில்னு தள்ளுறாங்க, நாலு பேரா கமிஷனர் ஆபீஸ் போலாம். அடுத்த வாரம் நான் போறேன், அதுக்குள்ள சொல்லுங்க.