பட்டிமன்றக்காரனின் மேக்கப் பெட்டி: பல வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

காரைக்குடியில் இருந்துகொண்டு பட்டிமன்றம் பேசுகிறவன் முகத்தில் என்ன பூசிக்கொள்கிறான் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்பவர்கள் புதிதாகத் தொலைக்காட்சிக்குப் போகும் தம்பிகள்தான். "அண்ணே, சேனல்லயே போட்டுவிடுவாங்கள்ல, நாம எதுக்குக் காசு போட்டு வாங்கணும்?" என்பார்கள். வாங்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

பொங்கல், தீபாவளிச் சிறப்புப் பட்டிமன்றம் என்றால் நடுவரோடு சேர்த்து ஏழு பேர் வரிசையில் உட்கார்ந்திருப்போம். மேக்கப் போடுபவர் ஒருவர். ஏழு பேரும் ஏழு நிறம். அவர் கையில் இருப்பதோ ஒரே ஸ்பாஞ்ச், இரண்டு ஷேடு. அந்த இரண்டும் நம்மைவிட வெளுப்பு. அப்படி ஒரு முறை ஒரு சேனலில் பூசிக்கொண்டு பேசிவிட்டு வந்தேன். ஒளிபரப்பான அன்று தேவகோட்டையிலிருந்து அத்தை போன் செய்து, "உடம்பு சரியில்லையாப்பா, முகமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கே" என்றார். அத்தை சொன்னது சரிதான். வெளுப்பு ஷேடுகளில் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளை நிறமி கூடுதலாக இருக்கும். மாநிறத்தின் மேலும் கறுப்பின் மேலும் அது சிவப்பழகைத் தராது, சாம்பல் நிறத்தைத்தான் தரும். கழுத்தும் காதும் வேறு நிறத்தில் நின்று காட்டிக்கொடுக்கும். அதற்குப் பிறகுதான் சொந்தப் பெட்டி.

முதலில் வாங்கியது பேன் கேக். ஹாலிவுட்டில் டெக்னிகலர் என்ற முறையில் எடுத்த வண்ணப் படங்களுக்காக மேக்ஸ் ஃபேக்டர் என்னும் மேக்கப் நிறுவனம் 1930களின் கடைசியில் கொண்டுவந்த சங்கதி அது. வட்ட டப்பாவில் கட்டியாக இருக்கும், ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து எடுத்துப் பூச வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது, வெயிலுக்கும் வியர்வைக்கும் ஓரளவு தாங்கும், விலையும் குறைவு. சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்றைக்கும் அது போதும். நாமோ வாயால் பிழைப்பவர்கள். பத்து நிமிடம் கத்திப் பேசினால் வாயோரக் கோடுகளில் வெடிப்பு விழும். பழைய டிவியில் அது தெரியாது. இப்போதைய எச்டி படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080. குளோஸப்பில் ஒவ்வொரு வெடிப்பும் தெரியும்.

அடுத்து பேன் ஸ்டிக். மெழுகும் எண்ணெயும் கலந்த குச்சி. மறைப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. பரு, வடு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எதுவானாலும் ஒரே இழுப்பில் காணாமல் போகும். சென்னை ஸ்டுடியோவின் ஏசியில் பிரமாதமாக நிற்கும். அதையே சித்திரை மாதம் பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ திறந்தவெளி மேடையில் போட்டுப் பாருங்கள். பவுடர் போட்டு அழுத்தினாலும் அரை மணியில் மெழுகு இளகிப் புருவத்துக்கு இறங்கிவிடும். பெட்டியில் இன்னும் வைத்திருக்கிறேன், ஆனால் வடு மறைக்க மட்டும்.

இப்போது நிலைத்திருப்பது சிலிக்கோன் சேர்ந்த திரவ ஃபவுண்டேஷன். சுண்டைக்காய் அளவு எடுத்தால் முகம் முழுக்கப் போதும். இதில் எல்லாமே ஷேடு தேர்வில்தான் இருக்கிறது. கடையில் புறங்கையில் தடவிக் காட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். தாடையோரத்தில் ஒரு கோடு இழுத்து, கடையை விட்டு வெளியே வந்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் பொறுத்தும் பார்க்க வேண்டும், சில பிராண்டுகள் காற்றுப் பட்டதும் ஒரு படி கறுக்கும். கோடு கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு கலந்துவிட்டால் அதுதான் உங்கள் ஷேடு. நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் அடிநிறம் மஞ்சள் கலந்திருக்கும், ரோஸ் கலந்த ஷேடு பொருந்தாது.

ஆண்களுக்கென்று ஒரு தொல்லை உண்டு. காலையில் எவ்வளவு நெருக்கச் சவரம் செய்தாலும் மாலைப் படப்பிடிப்பில் தாடை நீலம் பாய்ந்து தெரியும். ஃபவுண்டேஷனை அப்பினால் நீலம் சாம்பலாகும், அவ்வளவுதான். நீலத்துக்கு எதிர்நிறம் ஆரஞ்சு. நிறத்தை ஈடுகட்டும் கரெக்டர் என்ற பூச்சில் ஆரஞ்சை மெல்லிசாகத் தாடையில் ஒற்றி, அதன் மேல் ஃபவுண்டேஷன் போட்டால் நீலம் போய்விடுகிறது. இந்தச் சின்ன டப்பாவுக்குக் கொடுத்த காசுதான் நான் செய்த ஆக நல்ல செலவு.

அப்புறம் வழுக்கை. மேலிருந்து விழும் விளக்கு நேராக இறங்குவது அங்கேதான். செட்டிநாட்டு வீட்டுச் சுவரை முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசித் தேய்த்துத் தேய்த்து மினுக்குவார்கள் அல்லவா, விளக்குக்குக் கீழே என் தலை அப்படி மினுங்கும். மேக்கப் போடுபவர்கள் நெற்றியோடு நிறுத்திவிடுவார்கள். உச்சிவரை போக ஏனோ அவர்களுக்குக் கூச்சம். மினுமினுப்பு தடுக்கும் ஜெல்லை நானே தடவிக்கொண்டு மேலே பவுடர் ஒற்றிக்கொள்கிறேன். பவுடர் என்றால் டால்கம் வேண்டாம், நிறமில்லாத டிரான்ஸ்லூசன்ட் பவுடர். அதையும் அளவோடு போட வேண்டும். சிலிக்கா அதிகமுள்ள பவுடரைக் கொட்டிக்கொண்டால் டிவியில் ஒன்றும் தெரியாது. நிகழ்ச்சி முடிந்து மாலையோடு எடுக்கும் ஃபிளாஷ் போட்டோவில் மூக்கும் கன்னமும் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

விபூதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நெற்றி வெறுமையாக மேடை ஏறினால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். உலர்ந்த விபூதியை இட்டுக்கொண்டு பேசினால் அது உதிர்ந்து இமையிலும் கண்ணாடியிலும் உட்கார்ந்துகொள்ளும். முதலில் விபூதி இட்டு மேலே மேக்கப் என்றால் டச்சப் பையன் பஃபால் ஒரே ஒற்றில் துடைத்துவிடுவான். "சார், நெத்தில வெள்ளையா ஏதோ ஒட்டிருக்கு" என்று உதவி வேறு. நான் செய்வது இது: நெற்றிக்கு ஃபவுண்டேஷன் மிக மெல்லிசாக, பவுடர் போட்டுக் காய்ந்த பின் தண்ணீரில் குழைத்த விபூதி, அதுவும் காய்ந்த பின் மேடை. டச்சப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வெள்ளைச் சட்டையும் மேக்கப் விஷயம்தான். தூய வெள்ளையைப் பார்த்ததும் கேமராவில் வெளிச்சத்தைக் குறைப்பார்கள். குறைத்தால் கறுத்த முகம் இன்னும் கறுக்கும். அந்த இடத்தில்தான் மேக்கப் போடுபவர் இன்னொரு கோட்டிங் என்று ஆரம்பிப்பார். சந்தன நிறத்திலோ வெளிர்நீலத்திலோ சட்டை போட்டால் அந்தக் கோட்டிங்கே தேவையில்லை. மேக்கப் போடும்போது காலருக்குள் டிஷ்யூ தாள் செருகிக்கொள்ளுங்கள். ஃபவுண்டேஷன் கறை எங்கள் வீட்டம்மாவிடம் வாங்கித் தந்த திட்டுக்கு அளவில்லை.

பெண் பேச்சாளர்கள் கண்டாங்கி கட்டிவந்தால் அழகுதான், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை வேறு. பெரிய கட்டம் கேமராவுக்குப் பிரச்சினையில்லை. நெருக்கமான பொடிக்கட்டம் திரையில் நெளிந்து அலையடிக்கும். ஒட்டும் பொட்டை மணிக்கணக்கில் வைப்பவர்களும் கவனிக்கவும்: சில பொட்டுகளின் பசையால் அந்த இடத்தில் தோல் வெளுத்துப்போவதுண்டு.

ஸ்டுடியோவைவிடக் கஷ்டமானது செட்டிநாட்டு வீட்டுக்குள்ளேயே நடக்கும் படப்பிடிப்பு. வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றமான வளவில் நிறுத்தினால் உச்சி வெயில் தலைக்கு நேரே இறங்கிக் கண்குழியில் நிழல் கட்டும். முகப்பில் உட்காரவைத்தால் ஆத்தங்குடிக் கல் தரையின் சிவப்பு தாடைக்குக் கீழே ஏறும். இதையெல்லாம் ஃபவுண்டேஷனால் சரிசெய்ய முடியாது, ஒரு வெள்ளைத் துணியைக் காலடியில் விரிக்கச் சொன்னால் முடியும். ஒரு வீட்டில் ஆச்சி உள்ளேயிருந்து வெள்ளை வேட்டியே எடுத்துக் கொடுத்தார்.

கலைப்பதற்கு மேக்கப் ரிமூவர், ஈரத் துணி எல்லாம் வாங்கிப் பார்த்தாகிவிட்டது. தேங்காய் எண்ணெயே நல்ல வேலை செய்கிறது. முகம் முழுக்கத் தேய்த்து, பஞ்சால் துடைத்து, பிறகு ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவ வேண்டும். எண்ணெயோடு விட்டுவிட்டால் பரு வரும். ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்பும் அவசரத்தில் மேக்கப்போடு தூங்கியவர்களின் கன்னத்தை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம். ஸ்பாஞ்சை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பிறகு சோப்புப் போட்டு அலசி வெயிலில் உலர்த்துங்கள், அடுத்தவருக்கு இரவல் தராதீர்கள். டப்பாவின் பின்னால் திறந்த மூடிப் படத்துக்குள் 12 என்று போட்டிருந்தால், திறந்து 12 மாதம்தான் ஆயுள்.

திரும்ப வாங்கக்கூடாது என்று வைத்திருப்பது, மேக்கப் கலையாமல் இருக்க மேலே அடிக்கும் செட்டிங் ஸ்ப்ரே. ஏசி அறையில் பலன் உண்டு என்கிறார்கள். நம் ஊர் வெயிலில் நின்று பேசுகிறவனுக்கு, ஒரு பழைய கர்ச்சீப்பை நான்காக மடித்து இடையிடையே ஒற்றிக்கொள்வதைவிட அது எதுவும் கூடுதலாகச் செய்யவில்லை.