ரன், செட்: எது அதிகம் படுத்துகிறது?

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்று கேட்டால் இந்த இரண்டும்தான் முன்னால் வந்து நிற்கும். 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு செட்டுக்குத்தான், பிறகு திருத்தும்போது ரன் அதை முந்தி, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் வரை போய்விட்டது.

ஆனால் படிப்பதற்கு ரன்தான் சுலபம் என்பேன். நம்ம ‘ஓடு’ பாதி வேலையைச் செய்துவிடுகிறது: பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, தியேட்டரில் படம் நூறு நாள் ஓடுகிறது, எல்லாவற்றுக்கும் அங்கேயும் ரன்தான். மூக்கு ஒழுகினாலும், துணியில் சாயம் இறங்கினாலும், கடை நடத்தினாலும், தேர்தலில் நின்றாலும் அதே சொல். ஏதோ ஒன்று நகர்கிறது, இல்லை நடக்கிறது என்று நினைத்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

செட் அப்படி இல்லை. சூரியன் மறைவதும் செட், ஜெல்லி உறைவதும் செட், அலாரம் வைப்பதும், பொறி வைப்பதும், வினாத்தாள் தயாரிப்பதும் செட். அப்புறம், இறந்தகாலத்திலும் உருவம் மாறாது. தொகுதி என்ற பொருளில் வரும் செட்டோ பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது, ‘உட்கார வை’ என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த செட் வேறு; எழுத்து ஒன்றாகிவிட்டதால் குழப்பம்.

பம்ப்செட், செட் தோசை வரை சரி. ஆனால் “எனக்கு அது செட் ஆகாது” என்பது முழுக்க நம்முடையது, அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் யாருக்கும் புரியாது.