‘மட்டக்களப்பு மெப்’ என்று விற்கப்படும் டிசிஎஸ் தொகுப்பு: காசு அனுப்ப முன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர்விமான சிமுலேட்டர் கேமை ஓட்டுகிற எல்லாருக்கும் இது. ‘மட்டக்களப்பு மெப்’ என்ற பெயரில் ஒரு தொகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் 7500 ரூபாய்க்கு விலைபோகிறது. கல்லடிப் பாலம், பாலமீன்மடு வெளிச்சவீடு, ஒல்லாந்தர் கோட்டை, வாவி எல்லாம் அச்சொட்டாக இருக்கும் என்பது விளம்பரம். எங்கள் குழுவில் இதை வாங்கியவர்களுக்கு அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. காசைத் திருப்பிக் கேட்டால் விற்றவர் “டவுன்லோட் பண்ணின சாமானுக்கு ரிட்டர்ன் இல்லை” என்றார். அதோடு இலக்கத்தையும் புளொக் செய்துவிட்டார். அவர் நாளைக்கு வேறு பெயரில், வேறு இலக்கத்தில் வரக்கூடும். அதனால் சரக்கைப் பார்த்தே மோசடியைக் கண்டுபிடிக்கும் வழிகளை எழுதுகிறோம்.

முதலில் அந்த ‘மெப்’ என்ற பேச்சே பொய். டிசிஎஸ்ஸில் நிலப்பரப்பு வேறு, அதன் மேல் வைக்கிற பொருட்கள் வேறு. நிலப்பரப்பைச் செய்யும் கருவிகளை, கேமைத் தயாரிக்கும் ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் தன்னோடு ஒப்பந்தம் உள்ள தயாரிப்பாளர்களுக்கு மட்டுமே கொடுக்கிறது. காக்கசஸ், மரியானாஸ் என்ற இரண்டு மெப்பும் இலவசம், மற்றவை பெரும்பாலும் விலைக்கு. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. நாங்கள் வீட்டில் இருந்து செய்யக்கூடியது, இருக்கிற ஒரு மெப்பின் மேல் கட்டடம், பாலம், கோபுரம் போன்ற நிலையான பொருட்களைச் சேர்ப்பது மட்டும்தான். ஆகவே டிசிஎஸ்ஸுக்கு ‘மட்டக்களப்பு வாவி’ தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம். இந்தத் தொகுப்பில் வாவி என்று காட்டியது மரியானாஸில் உள்ள குவாம் தீவின் கரை. அந்தக் கரையில் சில பொருட்களை வைத்துச் சேமித்த ஒரு மிஷன் ஃபைல்தான் ‘மெப்’.

பொருட்களும் களவுதான். வெளிச்சவீட்டின் டெக்ஸ்சரை, அதாவது மொடலின் மேல் ஒட்டும் படத்தை, முழு அளவில் திறந்து பாருங்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகரப் பலகை, அதில் ரஷ்ய எழுத்தில் இரண்டு வரி. பாலமீன்மடுவில் அப்படியொரு பலகை எங்கே இருக்கிறது? பாலம் என்று கொடுத்தது எங்கும் கிடைக்கிற பொதுவான இரும்புப் பாலம், கல்லடிப் பாலத்தின் அமைப்போடு ஒரு சம்பந்தமும் இல்லை. விற்றவர் பெயர்ப்பட்டியலில் தன் பெயரைப் போட்டிருந்தார். ஆனால் டேட்டாபேஸ் போல்டரில் உள்ள லுவா ஃபைலின் (லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியில் எழுதியது) அடிப்பகுதியை அழிக்க மறந்துவிட்டார். உண்மையில் செய்தவரின் பெயரும், இலவசமாக மட்டுமே பகிர வேண்டும், விற்கக் கூடாது என்ற குறிப்பும் அங்கே அப்படியே கிடக்கின்றன. தன் நேரத்தைச் செலவழித்து ஒருவர் சும்மா கொடுத்ததை இப்படி விற்பதுதான் எங்களுக்கு மிகவும் கோபம் வந்த இடம்.

ஒழுங்கான பொருள் மொட், அதாவது கேமில் புதிதாகப் பொருள் சேர்க்கும் தொகுப்பு, எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போலியைப் பிரிப்பது லேசு. அது ஒரு சாதாரண போல்டர். உள்ளே என்ட்ரி.லுவா என்ற ஒரு ஃபைல், கூடவே ஷேப்ஸ், டெக்ஸ்சர்ஸ், டேட்டாபேஸ் என்று மூன்று போல்டர்கள். ஷேப்ஸில் இடிஎம் வகை மொடல்கள், டெக்ஸ்சர்ஸில் டிடிஎஸ் வகைப் படங்கள், டேட்டாபேஸில் ஒவ்வொரு பொருளின் பெயரும் வகையும் தாங்கும் சக்தியும் எழுதிய லுவா ஃபைல்கள். என்ட்ரி.லுவா செய்வது, இந்த போல்டர்கள் எங்கே இருக்கின்றன என்று கேமுக்குச் சொல்வது. போடும் முறையும் ஒரே படிதான்: விண்டோஸில் உங்கள் பயனர் பெயருக்குக் கீழே சேவ்ட் கேம்ஸ், அதற்குள் டிசிஎஸ், அதற்குள் மொட்ஸ், அதற்குள் டெக். டெக் என்ற போல்டர் இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கி, மொட் போல்டரை அதற்குள் கொப்பி பண்ணுங்கள். ஸிப்பை விரிக்கும்போது போல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு போல்டர் வந்தால் கேம் அதைப் படிக்காது. டெக்கைத் திறந்து, மொட் போல்டரைத் திறந்த உடனே என்ட்ரி.லுவா கண்ணில் பட வேண்டும். பொருள் வரவில்லை என்று எங்களிடம் கேட்பவர்களில் கனபேருக்கு இதுதான் பிரச்சினை. அடுத்தது நாடு: மிஷன் எடிட்டரில் ஸ்டாடிக் ஒப்ஜெக்ட் பட்டியலில் தேடும்போது நாட்டை மாற்றியும் பாருங்கள், சில மொட்கள் குறிப்பிட்ட நாடுகளுக்கு மட்டும்தான் பொருளைக் கொடுத்திருக்கும்.

கவனியுங்கள், இதில் எங்கேயும் இன்ஸ்டோலர் தேவைப்படவில்லை. விற்ற தொகுப்போ ஒரு இஎக்ஸ்இ ஃபைல். அதை ஓட்ட முன் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்லி, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டச் சொல்லி ஒரு வொய்ஸ் மெசேஜும் கூடவே வந்தது. பொருள் மொட் ஒன்றுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்பவரை நம்பக் காரணமே இல்லை.

அந்த இன்ஸ்டோலர் செய்த வேலைகளில் மிக ஆபத்தானது, கேம் நிறுவிய போல்டரில் ஸ்கிரிப்ட்ஸுக்குள் இருக்கும் மிஷன்ஸ்கிரிப்டிங்.லுவா என்ற ஃபைலை மாற்றியது. வழக்கமாக அந்த ஃபைல் ஓஎஸ், ஐஓ, எல்எஃப்எஸ் என்ற மூன்று லுவா பகுதிகளையும் மிஷன்களுக்குக் கிடைக்காமல் மூடிவைக்கும். அதனால் யாரோ செய்த மிஷனைத் திறந்தாலும் அதில் உள்ள ஸ்கிரிப்ட் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் கைவைக்க முடியாது. இன்ஸ்டோலர் அந்த வரிகளுக்கு முன்னால் இரண்டு கோடு போட்டு அவற்றைச் செயலிழக்கச் செய்துவிட்டது. இதற்குப் பிறகு நீங்கள் திறக்கும் எந்த மிஷனும் உங்கள் ஃபைல்களை வாசிக்கலாம், அழிக்கலாம், வேறு புரோகிராமை ஓட்டலாம். சில பெரிய மிஷன் கருவிகளுக்கு இந்தப் பூட்டைத் திறக்க வேண்டிவருவது உண்மைதான், அப்போதும் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். நிலையான பாலமும் வெளிச்சவீடும் வைக்க இது ஒருபோதும் தேவையில்லை.

இந்தத் தொகுப்பைப் போட்டவர்களுக்குக் கேமின் வேகமும் விழுந்தது. அதற்குக் காரணம் டெக்ஸ்சர்கள். 4096க்கு 4096 அளவுள்ள ஒரு படம் டிஎக்ஸ்டி1 முறையில் சுருக்கினால் 8 எம்பி, டிஎக்ஸ்டி5 முறையில் 16 எம்பி. சுருக்காமல் விட்டால் 64 எம்பி. தூரத்துக்கென்று சின்ன அளவுகளும் சேர்ந்தால் இவை ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு கூடும். விற்றவர் படங்களில் தன் எழுத்தைப் போட்டுச் சுருக்காமலே சேமித்திருக்கிறார். ஒரு வெளிச்சவீட்டுக்கு மூன்று படம் என்றால் ஏறத்தாழ 190 எம்பி, சின்ன அளவுகள் சேர்க்காமலே. 6 ஜிபி, 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்ட் உள்ளவர்களுக்கு இப்படிப் பத்துப் பொருள் வைத்தால் கேம் தடக்கித் தடக்கித்தான் ஓடும். கடைசியில் ‘உங்கட கார்ட் பழசு, மாத்துங்கோ’ என்று வாங்கியவர்களுக்கே குறை சொன்னார். தேவையில்லாமல் புதுக் கார்ட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

தூர மொடல்களும் இல்லை. நல்ல பொருளுக்கு கிட்டத்தில் காட்ட ஒன்று, தூரத்துக்கு எளிமையான ஒன்று இரண்டு என்று மொடல்கள் இருக்கும். எந்தத் தூரத்தில் எது என்று லொட்ஸ் ஃபைலில் மீற்றரில் எழுதியிருக்கும். அதே ஃபைலில் மோதல் மொடலின் பெயரும் வரும். மோதல் மொடல் இல்லாவிட்டால் விமானம் கட்டடத்துக்குள்ளால் போய் மறுபக்கம் வெளிவரும், குண்டும் ஊடுருவி நிலத்தில் வெடிக்கும். அந்த இரும்புப் பாலம் அப்படித்தான்: ஒரிஜினலில் இருந்த மோதல் மொடலின் பெயரை மாற்றிவிட்டு, லொட்ஸ் ஃபைலில் பழைய பெயரையே விட்டிருக்கிறார். பாலத்தைத் தாக்கும் மிஷன் செய்ய வாங்கியவர்களுக்கு அது பிரயோசனமற்ற சாமான்.

பொருட்களின் வகைப்பெயரையும் மாற்றியிருக்கிறார், அதனால் இன்னொரு தலையிடி. மிஷன் ஃபைல் ஒரு பொருளை அதன் வகைப்பெயரால்தான் தேடும். இலவச ஒரிஜினல் வைத்திருப்பவர் செய்த மிஷனை இந்தத் தொகுப்பு உள்ளவர் திறந்தால் பொருள் தெரியாது, மறுபக்கமும் அதே. நண்பர்களோடு ஒன்லைனில் பறக்கும்போது ஒருவருக்குப் பாலம் தெரியும், மற்றவருக்கு வெறும் தண்ணீர். மிஷன் எந்த மொட்டைக் கேட்கிறது என்று அறிய மிஷனைச் சேமித்த மிஸ் (.miz) ஃபைலின் ஒரு பிரதியை எடுத்து, பெயரின் முடிவை ஸிப் என்று மாற்றித் திறவுங்கள். உள்ளே ‘மிஷன்’ என்ற பெயரில் உள்ள எழுத்து ஃபைலில், தேவைப்படும் மொடியூல்கள் என்று ஒரு பகுதி இருக்கும். மொடலோ படமோ கிடைக்காவிட்டால் சேவ்ட் கேம்ஸில் லொக்ஸ் போல்டருக்குள் உள்ள டிசிஎஸ்.லொக் ஃபைலில் அந்த ஃபைல் பெயரோடு பிழை வரி விழும். அதைத் தேடி எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

ஏற்கெனவே அந்த இன்ஸ்டோலரை ஓட்டியவர்கள் இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் சேவ்ட் கேம்ஸில் கொன்ஃபிக் போல்டருக்குள் உள்ள இன்புட் போல்டரை வேறிடத்தில் கொப்பி பண்ணி வையுங்கள், உங்கள் ஜோய்ஸ்டிக் பட்டன் அமைப்புகள் எல்லாம் அதில்தான். பிறகு டெக் போல்டரில் இருந்து அந்தத் தொகுப்பை அழியுங்கள். அடுத்து சேவ்ட் கேம்ஸில் ஸ்கிரிப்ட்ஸையும் அதற்குள் ஹூக்ஸையும் பாருங்கள். கேம் தொடங்கும்போதே ஓடுகிற ஃபைல்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். டக்வியூ (பறப்பைப் பதிவு செய்வது), எஸ்ஆர்எஸ் (ரேடியோப் பேச்சுக்கு) போட்டவர்களுக்கு அவற்றின் ஃபைல்கள் நியாயமாகவே இருக்கும், தெரியாத மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு விண்டோஸ் மெனுவில் உள்ள டிசிஎஸ் ரிப்பேரை ஓட்டுங்கள். ஸ்டீமில் வாங்கியவர்கள் கேமின் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதியைப் பாவியுங்கள். மாற்றப்பட்ட மிஷன்ஸ்கிரிப்டிங்.லுவா பழைய நிலைக்கு வரும். முழுதாக அழித்துத் திரும்ப இறக்க வேண்டாம்: ரிப்பேர் பழுதான ஃபைல்களை மட்டும் இறக்கும், டேட்டா பெக்கேஜும் தப்பும். அன்டிவைரஸைத் திரும்பப் போட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள். அதுவரை அந்தக் கணினியில் வங்கி வேலை எதுவும் வேண்டாம். டிசிஎஸ், மின்னஞ்சல் பாஸ்வேர்ட்களை வேறொரு சாதனத்தில் இருந்து மாற்றுங்கள்.

காசு கொடுத்து மொடல் செய்விப்பது பிழையில்லை. எங்கள் பக்கத்திலேயே நல்லாகச் செய்யக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசையும். ஆனால் முழுக்காசும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். முதலில் பொருளை டிசிஎஸ் மொடல் வியூவரில் திறந்து, கம்பிவலைத் தோற்றத்திலும் மோதல் மொடலோடும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிளெண்டர் அல்லது 3டிஎஸ் மெக்ஸ் மூல ஃபைலையும் கேளுங்கள். தானே செய்தவரிடம் அது கட்டாயம் இருக்கும், களவெடுத்தவரிடம் இடிஎம் மட்டும்தான் இருக்கும். கேட்டவுடன் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். காசு கொடுக்க முன் டிசிஎஸ் இணையதளத்தின் யூசர் ஃபைல்ஸ் பகுதியில் அதே மாதிரிப் பொருள் இலவசமாகக் கிடக்கிறதா என்று படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வெளிச்சவீட்டை அங்கேதான் கண்டுபிடித்தோம்.

ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். தொகுப்பை வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்து முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், வட்ஸ்அப் உரையாடல் முழுவதும், வங்கிப் பணமாற்றுச் சீட்டு, அந்த இன்ஸ்டோலர் ஃபைல் ஆகிய நான்கையும் ஒரு பென்ட்ரைவில் போட்டுக் கையில் வையுங்கள். இன்ஸ்டோலரைத் திரும்ப ஓட்டிவிடாதபடி பாஸ்வேர்ட் போட்ட ஸிப்பில் வையுங்கள். பணமாற்றுச் சீட்டு இல்லாதவர்கள் வங்கியில் கணக்குக் கூற்றை எடுத்து அந்த வரியை அடையாளமிட்டு இணைக்கலாம்.