அலுவலகம் செல்வோருக்கான தோல் குஃப்பு: ஒரு மதிப்பீடு

அலுவலகத்தில் லுஹர் (நண்பகல்), அஸர் (மாலை) தொழுகைகளுக்காக உளூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் முதலியவற்றைத் தூய்மை செய்தல்) செய்பவர்களுக்கு முகமும் கையும் சிரமம் தருவதில்லை, கால்தான் சிரமம். இடுப்பளவு உயரத்தில் பதித்திருக்கும் கைகழுவும் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க வேண்டும், தரை நனையும், அடுத்து வருபவர் முகம் சுளிப்பார். பாதங்களைக் கழுவுவதற்குப் பதிலாக, குஃப்பு எனப்படும் தோல் காலுறையின் மீது ஈரக்கையால் தடவி மஸ்ஹு செய்துகொள்ள இஸ்லாமிய மார்க்கம் அளித்துள்ள சலுகை இத்தகையோருக்குப் பெரிதும் உதவும். அதற்காக இணையவழிக் கடை ஒன்றில் 1,150 ரூபாய்க்கு வாங்கிச் சென்னையின் வெயிலிலும் மழையிலும் நான் அணிந்துவரும் கறுப்புத் தோல் குஃப்பைப் பற்றி இங்கு எழுதுகிறேன். சாதாரணத் துணிக் காலுறையின் மீதே மஸ்ஹு செய்யலாம் என்ற கருத்துடையவர்களுக்கு இந்தச் செலவு தேவைப்படாது.

குஃப்பு பாதத்தைக் கரண்டைக்கால்களோடு சேர்த்து மூட வேண்டும். அதை அணிந்தபடியே தொடர்ந்து நடக்கும் அளவுக்கு அது உறுதியாகவும் இருக்க வேண்டும். தையல் துளைகள் நீங்கலாக வேறெந்த வழியிலும் நீர் உள்ளே இறங்கக் கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளுள் ஒன்று) நிபந்தனை. விலை குறைந்த சில குஃப்புகள் கரண்டையை ஒட்டியே முடிந்துவிடுவதால், சஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைக்கும் நிலையில்) விரல்களை மடக்கும்போது விளிம்பு கீழிறங்கிக் கரண்டை வெளியே தெரிந்துவிடுகிறது. இந்தக் குஃப்போ கரண்டைக்கு மேலும் நான்கு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. உட்பக்கத்தில் வைத்துள்ள ஜிப்புக்குப் பின்னால் ஒரு தோல் மடிப்பும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். குழாயடியில் நீட்டிப் பார்த்தபோது ஜிப்பின் துணிப்பட்டை ஈரமானதே தவிர, மடிப்பைத் தாண்டி நீர் வரவில்லை. தைத்தவர் மார்க்கச் சட்டம் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

விற்பனையாளர் மீது எனக்குள்ள குறை வேறு. உறையில் 'உண்மைத் தோல்' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்களே தவிர, எந்த விலங்கின் தோல் என்ற விவரம் இல்லை. பதனிட்ட தோல் தூய்மையாகிவிடும் என்று நபிமொழி இருந்தாலும், பன்றித்தோல் அதில் அடங்காது என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் நிலைப்பாடு. காலணிகளின் உள்பட்டையில் பன்றித்தோல் பயன்படுத்தும் வழக்கம் உலகச் சந்தையில் இருப்பதால், வாங்குபவர் இதைக் கேட்டே ஆக வேண்டும். மேற்புறம் ஆட்டுத்தோல், அடிப்புறம் மாட்டுத்தோல் என்ற பதில், கடிதம் எழுதிக் கேட்ட பிறகுதான் எனக்குக் கிடைத்தது.

மஸ்ஹு செய்ய வேண்டியது குஃப்பின் மேற்புறத்தில். மார்க்கம் வெறும் சொந்த அபிப்பிராயத்தின்படி அமைந்திருந்தால் மேற்புறத்தைவிட அடிப்புறமே தடவத் தகுந்ததாக இருந்திருக்கும் என்று நபித்தோழர் அலீ ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் கூறியதாக அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது. நாள்தோறும் ஈரக்கை படும் அந்த மேற்புறத்தில்தான் இந்தக் குஃப்பின் பலவீனமும் இருக்கிறது. தொடக்கத்தில் கறுப்புச் சாயம் விரல்களில் ஒட்டியது. அது நின்ற பிறகு, விரல்கள் மடங்கும் இடத்தில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தோன்றின. மாதம் ஒருமுறை சிறிது தேங்காய் எண்ணெய் தடவுவதால் கோடுகள் பெரிதாகாமல் இருக்கின்றன.

உளூவோடு இருக்கும்போது அணிந்துகொண்டு, அதன்பின் முதன்முறை உளூ முறிந்த நேரத்திலிருந்து கணக்கிட்டு, ஊரில் இருப்பவருக்கு 24 மணி நேரமும் பயணிக்கு 72 மணி நேரமும் மஸ்ஹு செய்ய அனுமதி உண்டு. சென்னையின் புழுக்கத்தில் இந்தத் தோலை முழு நாளும் காலில் வைத்திருக்க முடியாது என்பதால், சுபுஹுக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) உளூ செய்ததும் அணிந்து, வீடு திரும்பியதும் கழற்றிக் கால்களைக் கழுவிக்கொள்வதே எனக்கு வசதியாக இருக்கிறது. இரயில் பயணத்திலோ இதன் அருமையே தனி. ஆடும் பெட்டியில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் கழிப்பறைத் தரையின் நஜீஸ் (அசுத்தம்) அடிப்புறத்தில் படாமலிருக்க, மேலே செருப்போ ஷூவோ அணிந்தே செல்ல வேண்டும். ஷூவுக்குள் அணிபவர்கள் வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிய ஷூ வாங்க நேரிடும்; இதை விற்பனையாளர் எங்கும் சொல்லவில்லை.

எவ்வளவு காலம் உழைக்கும் என்பது வாங்குபவரின் மத்ஹபையும் பொறுத்தது. ஹனஃபி மத்ஹபில் காலின் மூன்று சிறுவிரல்கள் அளவுக்குக் கிழியும் வரை மஸ்ஹு செல்லும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், கழுவ வேண்டிய பாதத்தில் சிறிதளவு வெளியே தெரிந்தாலும் செல்லாது. பெருவிரல் நகம் உராயும் முனையில் இந்தக் குஃப்புக்கு ஒற்றைத் தோல்தான் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் இரட்டைத் தோல் வைத்த மாதிரி கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் ஷாஃபிஈகள் அதையே வாங்கலாம். இதையே வாங்குவோர், ஓட்டை விழும் முன்பே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து முனையில் ஒரு தோல் துண்டை ஒட்டித் தைத்துக்கொள்வது நல்லது.